கண்ட்ரோல்-டி அனுப்பியும் ப்ரோக்ராம் ஏன் முடியவில்லை?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். முதலமடைப் பக்கம் ஒரு மாங்காய் மண்டியில் கணக்கு பார்க்கிறவர். அங்கே லினக்ஸ் மெஷினில் யாரோ எப்போதோ சி-யில் எழுதிவைத்த பழைய ப்ரோக்ராம் ஒன்று ஓடுகிறது. தோட்டத்துக்காரர் எண், பெட்டி, கிலோ என்று வரி வரியாக அடித்துக்கொண்டே போக வேண்டும். எல்லாம் அடித்து முடித்துக் கண்ட்ரோல்-டி அழுத்தினால், ஆளுக்கு எவ்வளவு என்று மொத்தம் போட்டுக் காட்டும். இப்போது எடைச் சீட்டெல்லாம் போனிலேயே ஏறிவிடுகிறது. அந்த ஃபைலைப் படித்து ப்ரோக்ராமுக்குக் கொடுக்க, பைத்தானில் ஒரு ஸ்க்ரிப்ட் எழுதியிருக்கிறார். வரிகள் போகின்றன, மொத்தம் மட்டும் வரவில்லை. கண்ட்ரோல்-டி-யின் எண் 4 என்று எங்கோ படித்துவிட்டு, கடைசி வரியாக அந்த 4-ஆம் எண் பைட்டையும் அனுப்பியிருக்கிறார். 'தப்பான வரி' என்று திரையில் ஒரு மெசேஜ் வந்ததே தவிர, ப்ரோக்ராம் அப்படியே தொங்கிக்கொண்டு நிற்கிறது. ஸ்க்ரிப்டிலிருந்து 'முடிந்தது' என்று அதற்கு எப்படிச் சொல்வது என்பதுதான் அவர் கேள்வி.

வேலை நிற்க வேண்டாம் என்பதால் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 4-ஐ எடுத்துவிடுங்கள். வரிகளை எழுதி முடித்ததும், ப்ரோக்ராமின் எஸ்டிடிஇன் (அது இன்புட் படிக்கும் வாசல்) பக்கம் நீங்கள் பிடித்திருக்கும் பைப்பை (இரண்டு ப்ரோக்ராம்களை இணைக்கும் குழாயை) மூடுங்கள். பைத்தானிலிருந்து வேறு ப்ரோக்ராமை ஓட்டும் பாப்பன் வைத்து எழுதியிருந்தால் எஸ்டிடிஇன் மேல் 'க்ளோஸ்' என்று ஒரு அழைப்பு, அவ்வளவுதான். அதைவிட நல்ல வழி, சப்ப்ராசஸ் மாட்யூலில் இருக்கும் 'ரன்' ஃபங்ஷன். எல்லா வரிகளையும் ஒரே ஸ்ட்ரிங்காகச் சேர்த்து அதன் 'இன்புட்' ஆர்க்யுமென்ட்டில் கொடுத்து, 'டெக்ஸ்ட்' என்பதை ட்ரூ என்று வையுங்கள். அது எழுதும், மூடும், வருகிற அவுட்புட்டைச் சேகரிக்கும், ப்ரோக்ராம் முடியும்வரை காத்திருக்கும். 'ரன்' பைத்தான் 3.5-லிருந்தும், 'டெக்ஸ்ட்' 3.7-லிருந்தும் இருக்கிறது.

இன்னும் சொல்லப்போனால், போனிலிருந்து வரும் ஃபைல் ஏற்கெனவே சரியான வடிவத்தில் இருந்தால் பைத்தானே வேண்டாம். ப்ரோக்ராமின் பெயர் கணக்கு, ஃபைலின் பெயர் சீட்டு என்று வைத்துக்கொண்டால்:

./கணக்கு < சீட்டு

ஃபைல் தீர்ந்ததும் மொத்தம் தானாக வந்துவிடும். பலர் இந்த ஒற்றைக் குறியை மறந்துவிட்டு அம்பது வரி ஸ்க்ரிப்ட் எழுதுகிறார்கள்.

இனி காரணம். இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் அடுத்த ப்ரோக்ராமில் இதே இடத்தில் மறுபடியும் மாட்டிக்கொள்வீர்கள்.

யூனிக்ஸ் வழியில் வந்த எந்த சிஸ்டத்திலும், ஒரு ப்ரோக்ராம் இன்புட் வேண்டுமென்றால் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலிடம் 'ரீட்' என்று கேட்கும். கெர்னல் கொஞ்சம் பைட்டுகளைக் கொடுத்து, 'இத்தனை கொடுத்தேன்' என்று ஒரு எண்ணையும் சொல்லும். அந்த எண் 0 என்று வந்தால், இனி எதுவும் இல்லை என்று பொருள். முடிவு என்பது அந்த 0 மட்டும்தான். சி-யில் கெட்சார் -1 திருப்பிக் கொடுப்பதும், பைத்தானின் இன்புட் ஃபங்ஷன் ஈஓஎஃப்எரர் எழுப்புவதும் அந்த 0-வைப் பார்த்த பிறகு லைப்ரரிகள் செய்துகொள்ளும் ஏற்பாடு. ஓடிவருகிற பைட்டுகளுக்கு நடுவே 'முடிவு' என்று தனியாக ஒரு பைட் எங்கும் கிடையாது. அதனால் முடிவை யாரும் அனுப்ப முடியாது. அனுப்புவதை நிறுத்திவிட்டு வழியை மூட முடியும். மூடினால் அந்தப் பக்கம் 0 கிடைக்கும்.

அப்படியானால் கீபோர்டில் கண்ட்ரோல்-டி அழுத்தும்போது மட்டும் எப்படி நடக்கிறது? அங்கே நடுவில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். டெர்மினலுக்கும் ப்ரோக்ராமுக்கும் இடையே கெர்னலுக்குள் 'லைன் டிசிப்ளின்' என்று ஒரு அடுக்கு உண்டு. நீங்கள் அடிக்கும் எழுத்துகளைச் சேர்த்துவைத்து, பேக்ஸ்பேஸ் அடித்தால் அழித்து, என்டர் தட்டியதும் முழு வரியாக ப்ரோக்ராமிடம் ஒப்படைப்பது அதன் வேலை. 4-ஆம் எண் எழுத்து அதன் கையில் வந்தால், அதை ப்ரோக்ராமுக்குத் தராது. தானே விழுங்கிவிட்டு, 'இதுவரை சேர்ந்ததை என்டருக்குக் காத்திராமல் இப்போதே கொடு' என்ற கட்டளையாக எடுத்துக்கொள்ளும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். டெர்மினலில் கேட் கமாண்டை வெறுமனே ஓட்டுங்கள். 'மாங்காய்' என்று அடித்துவிட்டு, என்டர் தட்டாமல், கண்ட்ரோல்-டி ஒரு தடவை அழுத்துங்கள். அதே வரியில் இன்னொரு 'மாங்காய்' ஒட்டிக்கொண்டு வரும்; கேட் வெளியேறாது. இன்னொரு தடவை அழுத்துங்கள், வெளியேறிவிடும். முதல் தடவை லைன் டிசிப்ளின் கையில் சில எழுத்துகள் இருந்தன; அவற்றைக் கொடுத்தது, 'ரீட்' அந்த எண்ணிக்கையோடு திரும்பியது. இரண்டாம் தடவை கையில் ஒன்றும் இல்லை. ஒன்றுமில்லாததையே கொடுத்தது, 'ரீட்' 0-வோடு திரும்பியது. வரியின் தொடக்கத்தில் ஒரு தடவை அழுத்தினாலே போதும், நடுவில் என்றால் இரண்டு தடவை வேண்டும் என்பதன் ரகசியம் இதுதான். எந்தக் கீ இந்த வேலையைச் செய்யும் என்பதைக்கூட மாற்றிவைக்கலாம். எஸ்டிடிஒய் கமாண்டை மைனஸ் ஏ ஆப்ஷனோடு ஓட்டினால், ஈஓஎஃப் என்பதற்கு எதிரே இப்போது எந்தக் கீ இருக்கிறது என்று காட்டும்.

பைப்பில் இந்த நடு ஆள் இல்லை. உங்கள் ஸ்க்ரிப்ட் எழுதும் பைட் எதுவானாலும் அப்படியே அந்தப் பக்கம் போய் விழும். 4 போனால் 4 என்ற பைட்தான் போகும். உங்கள் சி ப்ரோக்ராம் அதைத் தோட்டத்துக்காரர் எண்ணாகப் படிக்கப் பார்த்திருக்கிறது. 'தப்பான வரி' என்று அது சொன்னது நியாயம்தான்.

(இந்தப் பைப் யோசனைக்கு வயது அதிகம். பெல் லேப்ஸில் டக் மெக்கில்ராய் 1964-லேயே ப்ரோக்ராம்களை ஒன்றோடொன்று கோர்க்க வழி வேண்டும் என்று எழுதிவைத்தார். கென் தாம்ஸன் அதை யூனிக்ஸில் சேர்த்தது 1973-ல். இன்றைக்கும் நாம் மல்லுக்கட்டுவது அதே பைப்போடுதான்.)

பைப்பில் 0 எப்போது வரும் என்பதற்கு விதி ஒன்றே ஒன்று: உள்ளே கிடந்த பைட்டெல்லாம் படித்து முடித்திருக்க வேண்டும், எழுதுகிற முனையைப் பிடித்திருக்கும் எல்லோரும் அதை விட்டிருக்க வேண்டும். இந்த 'எல்லோரும்' என்பதில்தான் பாதிப் பேர் வழுக்கி விழுகிறார்கள். சாயந்தரம் மண்டியில் கடைசி வண்டி கேட்டைத் தாண்டும்வரை கணக்குப் புத்தகத்தை மூட மாட்டார்கள் அல்லவா? காலி வண்டியாக இருந்தாலும், டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தாலும், உள்ளே ஒரு வண்டி நிற்கிறது என்றால் காத்திருப்பார்கள். கெர்னலும் அப்படித்தான். எழுதும் முனையின் ஒரு நகல் எங்கோ ஒரு ப்ராசஸின் கையில் சும்மா இருந்தாலும், 'இவர் இனிமேல் எழுதக்கூடும்' என்று எண்ணி 0 கொடுக்காது.

நகல் எப்படி உண்டாகிறது? ஃபோர்க் செய்யும்போது, அதாவது ஓடும் ப்ராசஸ் தன்னைப்போலவே ஒரு பிள்ளை ப்ராசஸை உண்டாக்கும்போது, திறந்திருக்கும் எல்லா ஃபைல் டிஸ்க்ரிப்டர்களும் (ஃபைல்களையும் பைப் முனைகளையும் பிடித்திருக்கும் எண்கள்) பிள்ளைக்கும் போகின்றன. சி-யில் நேரடியாகப் பைப் போட்டு, ஃபோர்க் செய்து, எக்ஸெக் செய்கிறவர்கள் (பிள்ளையில் வேறு ப்ரோக்ராமை ஏற்றுகிறவர்கள்) அடிக்கடி விடும் தப்பு ஒன்று உண்டு. பிள்ளை தன் எஸ்டிடிஇன் ஆகப் படிக்கும் அதே பைப்பின் எழுதும் முனையும் அதன் கையிலேயே கிடக்கும். தானே பிடித்துக்கொண்டிருக்கும் முனை மூடுவதற்காகத் தானே காத்திருக்கும். விடியும்வரை காத்திருந்தாலும் நடக்காது. ஃபோர்க் ஆன உடனே, எக்ஸெக்குக்கு முன்னால், பிள்ளைப் பக்கம் எழுதும் முனையை மூடியாக வேண்டும்.

பைத்தான் இதில் உங்களை ஓரளவு காப்பாற்றும். 3.2-லிருந்து பாப்பன், தேவையில்லாத டிஸ்க்ரிப்டர்களைப் பிள்ளையில் மூடிவிடுகிறது. 3.4-லிருந்து புதிதாகத் திறப்பவை எக்ஸெக் தாண்டிப் போகாதபடியே பிறக்கின்றன. ஆனால் மல்டிப்ராசஸிங்கை ஃபோர்க் முறையில் ஓட்டினாலோ, ஓஎஸ் மாட்யூலில் நேரடியாக ஃபோர்க் செய்தாலோ இந்தக் காவல் இல்லை. ஷெல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. பைப்பின் இடப்பக்கம் ஓடும் ஸ்க்ரிப்ட், போகிற போக்கில் & போட்டு எதையாவது பின்னணியில் ஓடவிட்டால், அதன் எஸ்டிடிஅவுட்டும் (அவுட்புட் போகும் வாசல்) அந்தப் பைப்தான். ஸ்க்ரிப்ட் முடிந்து போனாலும் பின்னணியில் ஓடுவது பிடியை விடாது. பின்னணியில் விடுவதன் எஸ்டிடிஅவுட்டை வேறு பக்கம், குறைந்தது எதைப் போட்டாலும் விழுங்கிவிடும் /டெவ்/நல் பக்கமாவது, திருப்பிவிடுங்கள்.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று சந்தேகமிருந்தால் ஊகிக்க வேண்டாம், நேராகப் பார்க்கலாம். லினக்ஸில் /ப்ராக் டைரக்டரிக்குள், தொங்கும் ப்ராசஸின் எண்ணுக்குள் போனால் எஃப்டி என்று ஒரு டைரக்டரி இருக்கும். அதை விரிவாகப் பட்டியலிட்டால், 0 என்ற பெயருக்கு எதிரே 'பைப்' என்றும் சதுர அடைப்பில் ஒரு எண்ணும் தெரியும். அந்த எண்தான் பைப்பின் அடையாளம். அதே எண் வேறு எந்த ப்ராசஸின் எஃப்டி-க்குள் இருக்கிறது என்று தேடுங்கள். எல்எஸ்ஓஎஃப் கமாண்ட் இருந்தால் வேலை இன்னும் சுலபம். உங்கள் ஸ்க்ரிப்டைத் தவிர மூன்றாவது ஒருவர் அகப்பட்டால், அவர்தான் குற்றவாளி.

இதற்கு நேர்மாறான தொல்லை ஒன்றும் உண்டு: முடிவு வேண்டாத நேரத்தில் முடிவு வந்துவிடுவது. எம்கேஃபைஃபோ வைத்துப் பெயருள்ள பைப் ஒன்றை உருவாக்கி, ஒரு டெர்மினலில் ப்ரோக்ராமை அதிலிருந்து படிக்கவிட்டு, இன்னொரு டெர்மினலிலிருந்து எக்கோ மூலம் வரி அனுப்பிப் பாருங்கள். முதல் எக்கோவிலேயே ப்ரோக்ராம் மொத்தம் போட்டுவிட்டு வெளியேறிவிடும். ஒவ்வொரு எக்கோவும் பைப்பைத் திறந்து, எழுதி, மூடிவிடுகிறது. பிடித்திருந்த ஒரே ஆள் போனதும் 0 வந்துவிட்டது. இதற்கு, அனுப்பும் ஷெல்லில் ஒரு டிஸ்க்ரிப்டரைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். பைப்பின் பெயர் குழாய் என்றால்:

எக்ஸெக் 3> குழாய்
எக்கோ 17 40 812 >&3
எக்கோ 23 12 246 >&3
எக்ஸெக் 3>&-

கடைசி வரிதான் முடிவு. முதல் இரண்டு எக்கோவுக்கு நடுவே அரைமணி நேரம் போனாலும் ப்ரோக்ராம் பொறுமையாகக் காத்திருக்கும். (கமாண்ட் பெயர்களைப் படிக்க வசதியாகத் தமிழில் எழுதியிருக்கிறேன்; அடிக்கும்போது அதனதன் வழக்கமான எழுத்தில் அடிக்கவும். ஃபைல் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம், லினக்ஸுக்கு ஆட்சேபம் இல்லை.)

ஷெல்லில் நாலைந்து வரிதான் கொடுக்க வேண்டும் என்றால் ஹியர்-டாக் போதும்:

./கணக்கு << 'முடிவு'
17 40 812
23 12 246
முடிவு

அந்த 'முடிவு' ப்ரோக்ராமுக்குப் போகாது. ஷெல் அதை எல்லைக்கல்லாக வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் உள்ளதை மட்டும் கொடுக்கும். வரியின் தொடக்கத்தில், பின்னால் ஒரு ஸ்பேஸ்கூட இல்லாமல், தனியாக இருக்க வேண்டும். மேலே அதைக் கோட்ஸுக்குள் போட்டால், நடுவில் வரும் டாலர் குறிகளை ஷெல் தொடாது. கோட்ஸ் போடாவிட்டால் வேரியபிள் என்று நினைத்து மாற்றிவிடும்.

லூப்புக்குள் எஸ்எஸ்ஹெச் (வேறு மெஷினுக்குள் நுழைந்து கமாண்ட் ஓட்டும் கருவி) ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோபாலபுரம், கோவிந்தாபுரம், வேலந்தாவளம் என்று மூன்று இடத்து மெஷின்களின் பெயரை ஒரு ஃபைலில் வைத்து, 'வைல் ரீட்' லூப்பில் ஒவ்வொன்றுக்கும் எஸ்எஸ்ஹெச் போட்டால், கோபாலபுரத்தோடு லூப் முடிந்துவிடும். எஸ்எஸ்ஹெச்சும் அதே எஸ்டிடிஇன்-ஐத்தான் படிக்கிறது. மிச்ச இரண்டு பெயரையும் அதுவே உறிஞ்சிவிட்டது. மைனஸ் என் ஆப்ஷன் கொடுங்கள், இல்லாவிட்டால் அதன் இன்புட்டை /டெவ்/நல் ஆக்குங்கள். வீடியோ மாற்றும் எஃப்எஃப்எம்பெக்கும் இப்படியே எஸ்டிடிஇன்-ஐ உறிஞ்சும்.

மூடுவது சரியாகிவிட்டது, ஆனாலும் தொங்குகிறது என்றால் அடுத்த சந்தேகம் பைப்பின் கொள்ளளவு. லினக்ஸில் ஒரு பைப் வழக்கமாக 65,536 பைட் தாங்கும். ஸ்க்ரிப்ட் 'எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டுப் பிறகு படிக்கலாம்' என்று எழுதிக்கொண்டே போகிறது. ப்ரோக்ராமோ ஒவ்வொரு வரிக்கும் ஏதாவது பதில் எழுதுகிறது. அந்தப் பதில் பைப் நிரம்பியதும் ப்ரோக்ராம் நின்றுவிடும். அது நின்றதால் படிக்காது. அது படிக்காததால் உங்கள் பக்கத்துப் பைப்பும் நிரம்பி நீங்களும் நிற்பீர்கள். பத்து வரியில் சோதித்தபோது ஒழுங்காக ஓடிய ஸ்க்ரிப்ட், சீசன் உச்சத்தில் லோடு குவியும்போது தொங்குவது இதனால்தான். பாப்பனில் 'கம்யூனிகேட்' என்று இருப்பது இதற்கென்றே செய்தது: ஒரே சமயத்தில் எழுதவும் படிக்கவும் செய்து, தீர்ந்ததும் மூடிவிடும். 'ரன்' உள்ளுக்குள் அதைத்தான் கூப்பிடுகிறது. மூடிவிடுவதால், ஒரு ப்ரோக்ராமோடு ஒரு தடவைதான் கம்யூனிகேட் செய்யலாம்.

உங்கள் வேலை கொடுத்துவிட்டு மொத்தம் வாங்குவது. அதற்கு இதுவரை சொன்னதே போதும். ஆனால் ஒரு வரி அனுப்பி, பதிலைப் பார்த்து, அதை வைத்து அடுத்த வரியைத் தீர்மானிக்க வேண்டும் என்றால் விஷயம் வேறு. பெரும்பாலானவர்கள் ஒரு முழு நாளைத் தொலைப்பது இங்கேதான், காரணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

சி லைப்ரரி, தன் அவுட்புட் டெர்மினலுக்குப் போகிறதா என்று முதலில் பார்க்கும். டெர்மினல் என்றால் வரிக்கு வரி வெளியே தள்ளும். பைப் என்றால், எதற்கு அடிக்கடி கெர்னலைத் தொந்தரவு செய்வது என்று ஒரு பஃபரில் சேர்த்துவைத்து, நிரம்பியதும் மொத்தமாகத் தள்ளும். லினக்ஸில் பைப்புக்கு இது பெரும்பாலும் 4,096 பைட். ப்ரோக்ராம் உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது. பதில் அதன் சொந்தப் பஃபரில் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் ஒரு வரிக்காக வாயைப் பிளந்து காத்திருக்கிறீர்கள். அது உங்கள் அடுத்த வரிக்காகக் காத்திருக்கிறது. கையால் ஓட்டினால் உடனுக்குடன் பதில் சொல்கிற ப்ரோக்ராம், ஸ்க்ரிப்டில் மௌனம் காப்பதற்கு இதுதான் காரணம். உங்கள் பக்கமும் இதே கதை உண்டு. பைத்தான் நீங்கள் எழுதியதைத் தன் பஃபரில் வைத்திருக்கும், ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஃப்ளஷ் செய்தாக வேண்டும், அதாவது பஃபரில் இருப்பதை வெளியே தள்ளியாக வேண்டும். மூடும்போது ஃப்ளஷ் தானாக நடக்கும், உரையாடலில் நடக்காது.

அந்தப் பக்கத்து ப்ரோக்ராமின் சோர்ஸ் கையில் இருந்தால், அதில் ஒரு எஃப்ஃப்ளஷ் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருங்கள். அதுவே பைத்தான் ப்ரோக்ராம் என்றால் மைனஸ் யு ஆப்ஷன் போதும். சோர்ஸ் இல்லாத சி ப்ரோக்ராம் என்றால் எஸ்டிடிபஃப் கமாண்டின் மூலம் ஓட்டிப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் அது பலிக்காது: டைனமிக்காக லிங்க் ஆகி, சி-யின் வழக்கமான எஸ்டிடிஐஓ-வைப் பயன்படுத்தி, பஃபரிங்கில் தானாகக் கை வைக்காத ப்ரோக்ராமாக இருக்க வேண்டும்.

அதுவும் பலிக்கவில்லை என்றால், ப்ரோக்ராமை ஏமாற்ற வேண்டியதுதான். டெர்மினல் என்று நம்பும்படி ஒரு போலி டெர்மினலை மாட்டிவிட வேண்டும். பிடிஒய் என்பது அதுதான். எக்ஸ்பெக்ட் என்ற கருவி 1990 வாக்கிலிருந்தே இதற்காக இருக்கிறது; பைத்தானில் அதே பாணியில் பெக்ஸ்பெக்ட். இந்த எழுத்து வரும்வரை காத்திரு, வந்ததும் இதை அனுப்பு என்று வரிசையாக எழுதிக்கொண்டு போகலாம்.

இங்கே வந்ததும் ஆட்டம் தலைகீழாகிறது. நடுவில் மறுபடியும் லைன் டிசிப்ளின் வந்துவிட்டதால், இப்போது 4-ஆம் எண் பைட் உண்மையிலேயே முடிவைச் சொல்லும்! பெக்ஸ்பெக்டில் 'சென்ட்ஈஓஎஃப்' என்று இருப்பது செய்வதும் இதைத்தான்: அந்த டெர்மினலில் முடிவுக்கான கீ எதுவோ அதை அனுப்பும். தம்பி செய்தது தப்பான பொருள் அல்ல, தப்பான இடம். கேட் சோதனையில் பார்த்த விதி இங்கேயும் அப்படியே பொருந்தும். வரியின் நடுவில் ஒரு 4 அனுப்பினால் அதுவரை அடித்தது மட்டும் போகும். நியூலைன் அனுப்பிவிட்டுப் பிறகு 4 அனுப்புங்கள். ப்ரோக்ராம் டெர்மினலை ரா முறைக்கு மாற்றியிருந்தால், எடிட்டர்கள் செய்வதுபோல, லைன் டிசிப்ளின் ஒதுங்கிவிடும். 4-ஐ வைத்து என்ன செய்வது என்று அந்த ப்ரோக்ராமே தீர்மானிக்கும். பாஷ் ப்ராம்ப்டில் காலி வரியில் கண்ட்ரோல்-டி வெளியேற்றுவதுகூட பாஷுக்காக வரியைப் படிக்கும் ரீட்லைன் லைப்ரரி தானாகப் பார்த்துச் செய்வதுதான்.

பிடிஒய்-யில் இன்னும் இரண்டு எரிச்சல்கள். நீங்கள் அனுப்பியது எக்கோவாக அவுட்புட்டிலும் திரும்பி வரும், பதிலைப் பிரித்தெடுக்கும்போது அதைக் கழிக்க வேண்டும். பாஸ்வேர்ட் கேட்கும் ப்ரோக்ராம்கள் பல, கேட்கும் கணத்தில் அதுவரை வந்து காத்திருக்கும் இன்புட்டைக் கொட்டிவிடும். அதனால் கேள்வி வந்த பிறகே பதில் அனுப்புங்கள், முந்திக்கொண்டால் காற்றோடு போகும். எஸ்எஸ்ஹெச் பாஸ்வேர்டை எஸ்டிடிஇன்-லிருந்து படிப்பதே இல்லை, நேராக டெர்மினலைத் திறந்து கேட்கும். அதற்கு பெக்ஸ்பெக்ட் எழுதுவதைவிட, பாஸ்வேர்டுக்குப் பதிலாக எஸ்எஸ்ஹெச் கீ போட்டு வைப்பதுதான் புத்திசாலித்தனம். ஸ்க்ரிப்டுக்குள் பாஸ்வேர்டை எழுதிவைத்துவிட்டு அதை ஊருக்கெல்லாம் காப்பி கொடுக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

என் கருத்து: பிடிஒய் கடைசி ஆயுதம். பைப் மூடினால் வேலை நடக்கும் இடத்தில் அதை எடுக்காதீர்கள்.

விண்டோஸில் இந்த வேலையைச் செய்கிறவர்களும் இந்தப் பக்கம் நிறைய. அங்கே பைப் விதி இதேதான், மூடினால் முடிவு. கன்ஸோலில் மட்டும் கண்ட்ரோல்-டி-க்குப் பதில் கண்ட்ரோல்-இஸட், வரியின் தொடக்கத்தில், பின்னால் என்டர். (அதே பழக்கத்தில் லினக்ஸில் கண்ட்ரோல்-இஸட் அழுத்தினால் ப்ரோக்ராம் முடியாது, நின்ற நிலையில் பின்னால் கிடக்கும். 'முடிந்துவிட்டது' என்று எண்ணி மறுபடி மறுபடி ஓட்டி, நிறுத்திவைத்தவை வரிசையாகச் சேர்ந்திருக்கும்.) இந்தக் கண்ட்ரோல்-இஸட், எண் 26, டாஸுக்கு முந்திய சிபி/எம் சிஸ்டத்தின் காலத்துச் சொத்து. அதில் ஃபைலின் அளவு 128 பைட் கட்டங்களாகத்தான் தெரியும். டெக்ஸ்ட் எங்கே முடிகிறது என்று காட்ட உள்ளேயே ஒரு 26 வைத்தார்கள். டாஸ் வழியாக விண்டோஸுக்கு அது வந்து, இன்றுவரை சி லைப்ரரி டெக்ஸ்ட் முறையில் ஃபைல் படிக்கும்போது 26-ஐக் கண்டால் அதோடு நிறுத்திக்கொள்கிறது.

நம் தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்தில் இதனால் ஒரு வேடிக்கை நடக்கும். தோட்டத்துக்காரர் பெயர் பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் இருக்கும் ஃபைலை, எக்ஸலிலிருந்து 'யூனிகோட் டெக்ஸ்ட்' என்று சேமித்தால் அது யூடிஎஃப்-16. மலையாளத்துச் 'ச' எழுத்தின் யூனிகோட் எண் 3354. அதை இரண்டு பைட்டாகப் பிரித்தால் 13, 26. ஆகவே சித்தூர் என்று மலையாளத்தில் எழுதினால், முதல் எழுத்துக்குள்ளேயே ஒரு 26 ஒளிந்திருக்கிறது. பழைய பாணி டெக்ஸ்ட் முறையில் படிக்கும் விண்டோஸ் ப்ரோக்ராம், முதல் சித்தூர்க்காரர் வந்ததும் ஃபைல் முடிந்துவிட்டது என்று எழுந்து போய்விடும். தமிழ்ப் பெயராகவே இருக்கும் பட்டியலில் இது வெளியே தெரியாது. யூடிஎஃப்-8-ஆகச் சேமித்தால் இந்தத் தொல்லையே இல்லை. தமிழோ மலையாளமோ, ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் 3 பைட். அவை எல்லாமே 127-க்கு மேல். 4-உம் 26-உம் உள்ளே நுழைய வழியில்லை. பைத்தானிலும் 'என்கோடிங்' யூடிஎஃப்-8 என்று வாயால் சொல்லிவிடுங்கள், மெஷினின் செட்டிங்கை நம்பியிருக்க வேண்டாம்.

கடைசியாக, காசு சம்பந்தப்பட்டது. உங்கள் ஸ்க்ரிப்ட் பாதி வரி அனுப்பிய நிலையில் ஏதோ எக்ஸெப்ஷனில் செத்துப்போனால் என்ன ஆகும்? அது பிடித்திருந்த முனைகளைக் கெர்னல் மூடிவிடும். அந்தப் பக்கம் 'ரீட்' 0 பெறும். ப்ரோக்ராமைப் பொறுத்தவரை இது ஒழுங்காக முடிந்த இன்புட். வந்த பாதிக்கு மொத்தம் போட்டு, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அழகாகப் பட்டியல் கொடுத்துவிடும். முழுசாக முடிந்ததற்கும் நடுவில் அறுந்ததற்கும் பைப்பில் வித்தியாசமே கிடையாது. அதனால்தான் வரி வரியாகத் தயாரித்து வரி வரியாக எழுதுவதைவிட, எல்லா வரியையும் முதலில் முழுமையாகத் தயாரித்து, சரிபார்த்து, அப்புறம் 'ரன்' கையில் கொடுங்கள் என்றேன். தயாரிப்பில் தப்பு நேர்ந்தால் ப்ரோக்ராம் தொடங்கவே தொடங்காது.

கடைசி வரிக்கும் நியூலைன் இருக்கிறதா என்று பாருங்கள். போனிலிருந்து வரும் ஃபைல்களில் பெரும்பாலும் இருக்காது. ஷெல்லின் 'வைல் ரீட்' லூப் அப்படிப்பட்ட கடைசி வரியை விட்டுவிடும். ஒரு தோட்டத்துக்காரரின் லோடு சத்தமில்லாமல் காணாமல் போகும்.

எதிர்ப்பக்கமும் உண்டு: ப்ரோக்ராம் ஐந்தாம் வரியிலேயே கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டால், படிக்க ஆளில்லாத பைப்பில் நீங்கள் எழுதுகிறீர்கள். ஷெல் பைப்லைனில் எழுதுகிறவரை சிக்பைப் என்ற 13-ஆம் எண் சிக்னல் கொன்றுவிடும்; பாஷ் அதை 141 என்று காட்டும். பைத்தானில் நேரடியாக எழுதினால் ப்ரோக்கன்பைப்எரர் வரும். கம்யூனிகேட்டும் ரன்னும் அந்த எரரை விழுங்கிவிடும், ஆகவே ரிட்டர்ன் கோடு 0-தானா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். ரன்-இல் 'செக்' என்பதை ட்ரூ என்று வைத்தால் அதுவே பார்த்துச் சத்தம் போடும். இதோடு, அனுப்பிய பெட்டிகளின் கூட்டலை ஸ்க்ரிப்டிலும் ஒரு தடவை போட்டு, ப்ரோக்ராம் காட்டும் மொத்தப் பெட்டியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் மட்டும் பட்டியலைப் பிரிண்டருக்கு விடுங்கள்.